விளையாட்டு வீரரின் இதயமும் மின்வரைபடமும்

இதய மின்வரைபடம் என்னும் இசிஜி, மார்பிலும் கைகால்களிலும் ஒட்டப்படும் பத்து மின்முனைகள் வழியாக இதயத்தின் மின்னோட்டத்தைப் பன்னிரண்டு கோணங்களிலிருந்து பதிவு செய்து, சில நிமிடங்களில் ஒரே தாளில் தந்துவிடுகிற எளிய சோதனை. அந்தத் தாளைப் படிப்பது அவ்வளவு எளிதன்று. அதிலும் அதற்குரியவர் நாள்தோறும் மணிக்கணக்கில் ஓடுபவராகவோ நீந்துபவராகவோ துடுப்பு வலிப்பவராகவோ இருந்தால், பொதுமக்களுக்கென வகுக்கப்பட்ட அளவுகோல்கள் அவருடைய நலமான இதயத்தையே நோயுற்றதாகக் காட்டிவிடக்கூடும். இதற்கு எதிர்த்திசையில் இன்னோர் ஆபத்தும் உண்டு: பயிற்சியால் வந்ததென்று ஒதுக்கித் தள்ளப்படும் ஓர் அலை, பரம்பரை இதயத்தசை நோயின் முதல் அடையாளமாக இருந்துவிடலாம். இவ்விரண்டு பிழைகளுக்கும் நடுவே மருத்துவம் கடந்த சில பத்தாண்டுகளில் எவ்வாறு வழி கண்டுள்ளது, அந்த வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கம்பிக் கால்வனோமீட்டரில் சோதிக்கப்படுபவர் கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டியிருந்தது. 1924இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்த அக்கருவியின் இன்றைய வழித்தோன்றல் ஒரு கைப்பையில் அடங்கிவிடுகிறது என்றாலும், அலைகளுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துப் பெயர்கள் மாறவில்லை. பி அலை மேலறைகளில் மின்தூண்டல் பரவுவதையும், க்யூஆர்எஸ் என்று சேர்த்துச் சொல்லப்படும் கூரிய அலைத்தொகுதி கீழறைகளில் அது பரவுவதையும், டி அலை கீழறைத் தசை அடுத்த துடிப்புக்காக மின்னிலை மீள்வதையும் குறிக்கின்றன. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால் அதன் ஒரு சிறு கட்டத்தின் அகலம் 0.04 நொடி, உயரத்தில் 10 மில்லிமீட்டர் ஒரு மில்லிவோல்ட். விளையாட்டு வீரரைப் பொறுத்தவரை சிக்கலான கேள்விகளில் பெரும்பாலானவை கடைசி அலையான டி அலையைச் சுற்றியே எழுகின்றன.

பயிற்சி இதயத்தைப் பெரிதாக்குகிறது என்பது ஐந்தோவனின் கருவி பிறப்பதற்கு முன்பே அறியப்பட்ட செய்தி. சுவீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899இல், பனிச்சறுக்குப் பந்தய வீரர்களின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே இதயத்தின் எல்லைகளைக் குறித்து, அவர்களுடைய இதயம் பெரிதாகியிருப்பதையும் அவ்வாறு பெரிதான இதயம் கூடுதல் உழைப்பைத் தாங்குவதையும் எடுத்துரைத்தார். அவ்வளர்ச்சி நலத்தின் அடையாளமா, நோயின் தொடக்கமா என்ற வழக்கு அதன்பின் பல பத்தாண்டுகள் நடந்தது. ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ சோதனை வந்த பிறகு, 1975இல் அமெரிக்காவில் மோர்கன்ராத்தும் அவருடைய குழுவினரும், நெடுந்தூர ஓட்டம், நீச்சல் போன்றவற்றில் இரத்தத்தின் கொள்ளளவுச் சுமையால் இடது கீழறையின் உள்வெளி விரிகிறது என்றும், மல்யுத்தம், குண்டெறிதல் போன்றவற்றில் அழுத்தச் சுமையால் அதன் சுவர் தடிக்கிறது என்றும் பிரித்துக் காட்டினர். நடைமுறையில் இப்பிரிவு இவ்வளவு துப்புரவாக அமைவதில்லை. துடுப்பு வலிப்பவரிடம் இரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன.

எவ்வளவு தடிப்பு இயல்பு என்ற கேள்விக்கு இத்தாலியில் பெல்லிச்சியா குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஓர் எல்லை வகுத்தது. அவர்கள் அளந்த 947 உயர்நிலை விளையாட்டு வீரர்களில் 16 பேருக்கு மட்டுமே இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. அந்தப் பதினாறு பேரில் பதினைந்து பேர் படகோட்டும் விளையாட்டினர். 16 மில்லிமீட்டரைத் தாண்டியவர் எவருமில்லை. ஆனால் மிகைவளர்ச்சி இதயத்தசை நோய், அதாவது மருத்துவமனைகளில் எச்சிஎம் என்று சுருக்கிச் சொல்லப்படும், ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவருக்கு உள்ள மரபணு நோயும், இலேசான வடிவத்தில் இதே அளவுகளுக்குள் ஒளிந்துகொள்ளக்கூடியது. சுவரின் தடிப்பை மட்டும் அளந்தால் தேர்ந்த படகோட்டியையும் அந்நோயாளியையும் பிரித்தறிய முடியாத இந்த இடத்தில்தான், எக்கோவைவிடப் பழையதும் மலிவானதுமான இசிஜி கைகொடுக்கிறது. அந்நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இசிஜி மாறுபட்டிருக்கும்; அம்மாறுபாடு பயிற்சி உண்டாக்கும் மாறுபாட்டின் தன்மையில் பெரும்பாலும் இருப்பதில்லை.

பயிற்சி உண்டாக்கும் மாறுபாடுகளில் முதலாவது துடிப்பின் மந்தம். ஓய்வில் நிமிடத்துக்கு 60க்குக் கீழே துடித்தால் மந்தத் துடிப்பு என்பது பாடநூல் வரையறை. நெடுந்தூர விளையாட்டினரிடம் அது நாற்பதிலும், உறக்கத்தில் முப்பதுகளிலும் இருப்பது வியப்புக்குரியதன்று. இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் பயிற்சியால் வலுப்பதும், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவே தன் இயல்பில் மாறுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அதே நரம்பின் செல்வாக்கால் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் தாமதமாகச் சென்று, பிஆர் இடைவெளி 0.2 நொடியைத் தாண்டலாம். துடிப்புக்குத் துடிப்பு அந்த இடைவெளி நீண்டுகொண்டே போய் ஒரு துடிப்பு விடுபடுவதும் உண்டு. பொதுநோயாளியிடம் கவலை தரும் இக்காட்சியில், வீரரைச் சற்று நேரம் ஓரிடத்தில் குதிக்கச் சொல்லி மீண்டும் பதிவு செய்தால் தடை மறைந்துவிடுமானால், அது வேகஸ் நரம்பின் வேலை என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

இரண்டாவது, அலைகளின் உயரம். முதல் மார்பு இணைப்பின் எஸ் அலையின் ஆழத்தையும் ஐந்தாம் அல்லது ஆறாம் இணைப்பின் ஆர் அலையின் உயரத்தையும் கூட்டி, 35 மில்லிமீட்டரைத் தாண்டினால் இடது கீழறை மிகைவளர்ச்சி என்று கணிக்கும் சோக்கலோவ்–லையன் விதி, ஒல்லியான மார்பும் வலிய தசையும் கொண்ட இளம் வீரர்களில் பெரும்பகுதியினரை நோயாளிகளாக்கிவிடும். கருவியின் தானியங்கி மென்பொருளும் இவ்விதியைப் பின்பற்றித் தாளின் தலைப்பில் 'அப்நார்மல் இசிஜி' என்று அச்சிட்டுத் தருவது வழக்கம். அதைக் கண்டு பெற்றோர் கலங்குவதும், பயிற்சியாளர் வீரரை உட்காரவைப்பதும் அதன் விளைவுகள். உயரம் மட்டும் கூடியிருந்து வேறு குறையேதும் இல்லையெனில் அது பயிற்சியின் பயன் என்றே இன்று கொள்ளப்படுகிறது. மூன்றாவதாக, க்யூஆர்எஸ் முடிந்து டி தொடங்கும் எஸ்டி பகுதி அடிக்கோட்டிலிருந்து மேலெழுந்து, உள்வளைந்து, உயர்ந்த டி அலையில் சேர்வது. அவசர சிகிச்சைப் பிரிவில் மாரடைப்பு என்று பலமுறை தவறாக எண்ணப்பட்ட இத்தோற்றமும் இளம் விளையாட்டினரிடம் இயல்பே.

நோயின் மொழி வேறு. ஐந்தாம், ஆறாம் மார்பு இணைப்புகளில், அதாவது இதயத்தின் இடப்புறப் பக்கவாட்டை நோக்கும் கோணங்களில், டி அலை தலைகீழாகக் கிடந்தால் அதை எந்தப் பயிற்சியின் பெயராலும் ஒதுக்க இயலாது. எஸ்டி பகுதி தாழ்வதும், க்யூ அலை ஆழ்ந்தோ அகன்றோ இருப்பதும், இடது கிளைத் தடை தோன்றுவதும் அவ்வாறே. பதினாறு வயதுக்குட்பட்டோரிடம் முதல் மூன்று மார்பு இணைப்புகளில் டி அலை தலைகீழாக இருப்பது வளர்ச்சிப் பருவத்தின் எச்சம். வளர்ந்தவரிடம் அதே தோற்றம், வலது கீழறைத் தசை சிறுகச் சிறுகக் கொழுப்பாகவும் நாராகவும் மாறும் ஏஆர்விசி நோயை நினைவூட்ட வேண்டும். பிஆர் இடைவெளி 0.12 நொடிக்குக் குறைந்து, க்யூஆர்எஸ்ஸின் தொடக்கம் சரிவாக எழுந்தால், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது என்று பொருள். உல்ஃப்–பார்க்கின்சன்–வைட் எனப்படும் இக்குறை கத்தீட்டர் வழியாகப் பெரும்பாலும் நிலையாகக் குணப்படுத்தத் தக்கது என்பதால், அதைக் கண்டுபிடிப்பது இசிஜியின் தூய ஆதாயங்களுள் ஒன்று.

டி அலை தலைகீழாக இருந்தும் எக்கோவில் ஒன்றும் தென்படாத வீரரை என்ன செய்வது என்பது நீண்ட நாள் புதிர். பெல்லிச்சியா குழுவினர் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்குக் கசப்பான விடை தந்தது: மின்னிலை மீட்சியில் பெரும் மாறுபாடு இருந்தும் நோய் ஏதும் கண்டறியப்படாத 81 விளையாட்டினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, ஐவரிடம் பிற்பாடு இதயத்தசை நோய் வெளிப்பட்டது, அவர்களுள் ஒருவர் திடீரென இறந்தார். தசை தடிப்பதற்கு முன்பே மின்னோட்டம் மாறிவிடக்கூடும் என்பதே இதன் பொருள். எனவே பக்கவாட்டு இணைப்புகளில் டி அலை தலைகீழான வீரருக்கு எக்கோவோடு நிறுத்திக்கொள்ளாமல் இதய எம்ஆர்ஐ எடுப்பதும், அதுவும் இயல்பாக இருந்தால் ஆண்டுதோறும் திரும்ப அழைத்துப் பார்ப்பதும் இன்றைய நெறி.

க்யூடி இடைவெளியை அளப்பதில் வரும் தொல்லை தனியாகச் சொல்லத்தக்கது. க்யூ தொடங்கி டி முடியும் வரையுள்ள இந்த இடைவெளி மிக நீண்டிருந்தால், ஆபத்தான துடிப்புக் குலைவுக்கு இடம்தரும் நீள்க்யூடி நோய் ஐயுறப்படுகிறது. ஆனால் துடிப்பு மந்தமாகும்போது இடைவெளி இயல்பாகவே நீளும் என்பதால், இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் அதை வகுத்துத் திருத்தும் பேசெட் சூத்திரம் பயன்படுத்தப்படுகிறது. நிமிடத்துக்கு 40 முறை துடிக்கும் ஒருவரிடம் இடைவெளி 480 மில்லிநொடி என்று கொண்டால், துடிப்புகளுக்கு இடைப்பட்ட 1.5 நொடியின் வர்க்கமூலமான சுமார் 1.22ஆல் வகுக்க, திருத்திய மதிப்பு ஏறத்தாழ 392 ஆகிறது. கணக்குச் சரியே, சூத்திரம்தான் இவ்வளவு மந்தமான துடிப்பில் நம்பத்தக்கதன்று. உண்மை மதிப்பை அது குறைத்துக் காட்டும். ஆகவே 50க்குக் கீழே துடிக்கும் வீரரைச் சிறிது நடக்கவைத்து, துடிப்பு ஏறிய பின் மறுபதிவு எடுப்பது முறை. திருத்திய மதிப்பு ஆண்களிடம் 470, பெண்களிடம் 480 மில்லிநொடியை எட்டினால் மேலாய்வு தேவை.

இவ்வளவு நுட்பமும் மின்முனை சரியான இடத்தில் ஒட்டப்பட்டிருந்தால்தான் பயன்படும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலிரு மார்பு மின்முனைகள் நான்காம் விலா இடைவெளியில், மார்பெலும்பின் இருபக்கமும் அமைய வேண்டியவை. அவசரத்தில் இரண்டாம் இடைவெளியில் ஒட்டப்பட்டால், இல்லாத கிளைத்தடையும், சில வேளை புருகாடா என்னும் துடிப்புக் குலைவு நோயின் சாயலும்கூடத் தாளில் தோன்றிவிடும். விரலால் மேலிருந்து கீழே விலாக்களை எண்ணிப் பார்க்கும் அரை நிமிட வேலை, பின்னர் வரும் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனைகளைத் தவிர்க்கும்.

இயல்பையும் நோயையும் பிரிக்கும் இந்த விதிகள் ஒரே நாளில் வகுக்கப்படவில்லை. ஐரோப்பிய இதயவியல் கழகம் 2010இல் வெளியிட்ட பரிந்துரை, 2013இல் வந்த சியாட்டில் விதிகள், 2014இல் லண்டனிலிருந்து வந்த செம்மையாக்கப்பட்ட விதிகள், இவற்றை ஒருங்கிணைத்த 2017ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பரிந்துரைகள் எனப் படிப்படியாகவே அவை தேறின. ஒவ்வொரு படியிலும் வீண் ஐயம் எவ்வளவு குறைந்தது என்பதற்கு 2014ஆம் ஆண்டின் ஆய்வே சான்று: ஐரோப்பிய விதிகளின்படி கறுப்பின வீரர்களில் 40.4 விழுக்காட்டினரும் வெள்ளையின வீரர்களில் 16.2 விழுக்காட்டினரும் ஐயத்துக்குரியோர் ஆனார்கள். சியாட்டில் விதிகளின்படி இவை 18.4, 7.1 எனவும், செம்மையாக்கப்பட்ட விதிகளின்படி 11.5, 5.3 எனவும் சரிந்தன. கறுப்பின வீரர்களிடம் எஸ்டி பகுதி குவிந்தெழுந்து முதல் நான்கு மார்பு இணைப்புகளில் டி அலை தலைகீழாவது இயல்பே என்று உணர்ந்ததுதான் இதில் பெரும்பங்கு வகித்தது. ஓரினத்தாரின் அளவுகோலை மற்றோர் இனத்தார்மீது வைத்து எத்தனை இளைஞர்கள் வீணாகத் தடுக்கப்பட்டிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த ஆய்வு ஒப்பிட்டது இவ்விரு இனத்தாரை மட்டுமே; தெற்காசிய வீரர்களின் வரைபடங்களை அதே அளவில் திரட்டி ஆராய்வது தெற்காசிய மருத்துவர்கள் மேற்கொள்ள வேண்டிய பணி.

எல்லா வீரர்களுக்கும் இசிஜி கட்டாயமாக்கப்பட வேண்டுமா என்ற கேள்வியில் உலகம் இரண்டுபட்டிருக்கிறது. இத்தாலி 1982 முதல் போட்டி விளையாட்டில் ஈடுபடும் அனைவருக்கும் இசிஜியுடன் கூடிய மருத்துவச் சோதனையைச் சட்டமாக நடைமுறைப்படுத்துகிறது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியைக் குறித்துப் பாதுவா பல்கலைக்கழகத்தின் கொர்ராடோ குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 35 வயது வரையுள்ள வீரர்களிடம் திடீர் இதய மரணம் 1979–80இல் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 3.6 ஆக இருந்து, 2003–04இல் 0.4 ஆகக் குறைந்தது. சோதனைக்கு உட்படாத பிற இளைஞர்களிடம் அவ்வாறான குறைவு இல்லை. இவ்வெண் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. இஸ்ரேலில் 1997இல் இதேபோன்ற சட்டம் வந்த பின், செய்தித்தாள் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில், சட்டத்துக்கு முன் 2.54 ஆக இருந்த வீதம் பின்னர் 2.66 ஆகவே நின்றது. சட்டத்துக்கு முந்தைய இரண்டாண்டுகளை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இத்தாலியைப் போன்றே பெருஞ்சரிவு தோன்றியிருக்கும் என்று அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியது, சிறிய எண்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவோர் அனைவரும் கருதத்தக்கது. அமெரிக்க இதயக் கழகம், பதினான்கு கூறுகள் கொண்ட கேள்வி–உடற்பரிசோதனை முறையைப் பரிந்துரைத்து, பெருந்திரளுக்கு இசிஜியைக் கட்டாயமாக்குவதை ஆதரிக்கவில்லை.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை எக்கோவும் இசிஜியும் சேர்த்துச் சோதித்த 11,168 பதின்பருவ வீரர்களைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவர்களுள் 42 பேரிடம் உயிருக்கு ஆபத்தான இதயக் குறைகள் கண்டறியப்பட்டன. ஆனால் பின்னர் இதயக் கோளாறால் திடீரென இறந்த எட்டுப் பேரில் ஆறு பேர், சோதனையில் இயல்பானவர்கள் என்று சான்று பெற்றவர்கள். சோதனைக்கும் இறப்புக்கும் இடையே சராசரியாக 6.8 ஆண்டுகள் கழிந்திருந்தன. பதினாறு வயதில் எடுத்த ஒரு வரைபடம் இருபத்து மூன்று வயதுக்கும் செல்லுபடியாகும் என்று கருதுவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. அதோடு, இதயத்துக்கு இரத்தம் தரும் கரோனரித் தமனி பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து புறப்பட்டால், ஓய்வில் எடுக்கும் இசிஜி பெரும்பாலும் எதையும் காட்டாது. உழைப்பின்போது மட்டுமே துடிப்பைக் குலைக்கும் சிபிவிடி என்னும் மரபணு நோயும் அத்தகையதே. முப்பத்தைந்து வயதைக் கடந்து மாரத்தான் ஓடப் புறப்படுவோரிடம் முதன்மை எதிரி கரோனரித் தமனி அடைப்பு. அவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகியவற்றின் கணக்கும், தேவைப்பட்டால் டிஎம்டி என்னும் டிரெட்மில் சோதனையும் ஓய்வு இசிஜியைவிடப் பயன் தரும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், தேர்ந்தவர் படிக்கவும், ஐயம் எழுந்தால் எம்ஆர்ஐ வரை செல்லவும், ஓரிரு ஆண்டுகளுக்கொரு முறை திரும்ப எடுக்கவும் வசதியுள்ள இடங்களில் வீரர்களுக்கு இசிஜி எடுப்பது நியாயமானது. இவை இல்லாத இடத்தில் அதைக் கட்டாயமாக்குவது, ஆபத்துள்ளவரைக் காப்பதைவிட ஆபத்தற்றவரை விளையாட்டிலிருந்து விலக்குவதிலேயே முடியும். எங்கு எடுத்தாலும், பயிற்சி எவ்வளவு என்பதும், ஓடும்போதே மயங்கி விழுந்ததுண்டா என்பதும், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்தனரா என்பதும் தாளின் ஓரத்தில் எழுதப்பட வேண்டும். அவையின்றி அதைப் படிப்பவர் பாதி கேள்வியைத்தான் படிக்கிறார்.

கமரூனின் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோ 2003 ஜூன் 26இல் பிரான்சின் லியோன் மைதானத்தில் ஆட்டத்தின் நடுவே சரிந்து உயிர்நீத்தபின், பிணப்பரிசோதனையில் மிகைவளர்ச்சி இதயத்தசை நோய் தெரியவந்தது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12இல் கோபன்ஹேகனில் அவ்வாறே சரிந்தார். தொழில்முறைக் கால்பந்தின் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர் அவர். மைதானத்திலேயே செய்யப்பட்ட மார்பழுத்தமும் டிபிரிலேட்டரின் ஒற்றை மின்னதிர்ச்சியும் அவரை மீட்டன. உடலுக்குள் டிபிரிலேட்டர் பொருத்தப்பட்டவர் விளையாட இத்தாலிய விதிகள் இடந்தராததால் இன்டர் மிலானை விட்டு நீங்கி, இங்கிலாந்தில் 2022இல் மீண்டும் களமிறங்கினார். இதயம் நின்றபின் முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைக்கிறது. ஆகவே பள்ளி, கல்லூரி விளையாட்டுத் திடல்களின் பொறுப்பாளர்கள் வீரர்களின் இசிஜியைக் கோப்பில் வைப்பதோடு, இயங்கும் நிலையில் ஒரு டிபிரிலேட்டரைத் திடலிலேயே வைத்து, அதையும் மார்பழுத்தத்தையும் பயிற்சியாளர் முதல் திடல் காவலர் வரை அனைவருக்கும் கற்றுத்தர வேண்டும்.